தந்தை பெயர் என்ற கட்டமும் மலாக்காவுக்குப் போன கைதியும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவர் ஒருவர் எங்கள் பிள்ளைச்சாவடி வீட்டுக்கு வந்தார். ஒன்றாம் வகுப்பில் நான் 'அ' எழுதக் கற்றுக்கொடுத்த பையன். இப்போது அவருக்கே காதோரம் நரைத்துவிட்டது. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை நிறையக் காகிதங்கள். பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமா என்று அவர் மகள் கேட்டிருக்கிறாள். அவருடைய அம்மாவின் அப்பா 'சொல்தா', சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். எங்கள் ஊரில் இது புதிதல்ல. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. 1956-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-இல்தான் சட்டப்படி இணைப்பு முடிந்தது. அந்த நேரத்தில் யார் எந்தக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை வைத்து இன்றைக்கும் பேரன் பேத்திகள் மேரிக்கும் வக்கீல் வீட்டுக்கும் நடந்துகொண்டிருக்கிறார்கள். தாத்தா யார், அவருக்கு அப்பா யார், எந்தப் பதிவேட்டில் எந்தப் பக்கம் என்று புதுச்சேரிக்காரன் தன் வம்சத்தைத் தேடுகிற அளவுக்கு அரச குடும்பங்கள்கூடத் தேடியிருக்காது.

வக்கீல் வம்ச மரம் ஒன்று வரைந்து பார்த்திருக்கிறார். வரைந்தவர் பேனாவை வைத்துவிட்டாராம். ஏனென்றால் அந்த மரத்தில் என் மாணவருடைய அப்பாவின் அப்பாவும் அம்மாவின் அப்பாவும் ஒரே ஆள். அதாவது, காகிதப்படி இவர் அண்ணனுக்கும் தங்கைக்கும் பிறந்த பிள்ளை.

"பிறப்புப் பதிவு பிற்பாடு கோர்ட்டு மூலமா வாங்கினது டீச்சர். அதுக்கு ஆதாரம் ஸ்கூல் சர்டிபிகேட். ஸ்கூல் சர்டிபிகேட்டுக்கு ஆதாரம் சேர்க்கைப் பதிவேடு" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சேர்க்கைப் பதிவேட்டை எழுதியது நான்.

அது 1984. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம்தான் ஆகியிருக்கும். ஆசிரியர் பயிற்சியில் பாடத்திட்டக் குறிப்பு எப்படி எழுதுவது, கரும்பலகையை எப்படிப் பயன்படுத்துவது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். தந்தை பெயர் என்ற கட்டத்தின் முன்னால் ஒரு பெண் பேசாமல் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்பது தலைமையாசிரியரின் கண்டிப்பு. மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வந்திருந்த அந்த அம்மா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க அண்ணன் பேர எழுதிக்க டீச்சரம்மா" என்றார். எழுதினேன். நீல மையில், என் அழகான கையெழுத்தில். பையன் வீட்டில் மாமா என்று கூப்பிட்டவர், சர்டிபிகேட்டில் அப்பா ஆனார்.

அந்த அம்மா கொரோனா காலத்தில் போய்விட்டார். அந்த அண்ணன் அதற்கும் முன்னால்.

அவர் போன பிறகு ராத்திரி தூக்கம் வரவில்லை. பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்தேன். ஓய்வு பெற்றதும் நானும் வீட்டுக்காரரும் வேலூருக்குப் போயிருந்தோம். கோட்டைக்குள் 'கண்டி மகால்' என்று ஒரு கட்டடம். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம், அதற்குள் சமாதிகள். இலங்கையில் கண்டியை ஆண்ட கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் அவர் குடும்பத்தாரும். 1990-இல் திறந்த மண்டபம். அங்கே போய்வந்த பிறகு கண்டி ராஜ வம்சத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக் குறித்து வைத்திருந்தேன். அப்போது அது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. அன்றைக்கு ராத்திரி படித்தபோதுதான் அந்தக் கதை முழுக்க இந்த ஒரே கட்டத்தைப் பற்றியது என்று பட்டது.

1739-இல் தொடங்குகிறேன். கண்டியின் கடைசிச் சிங்கள அரசர் ஸ்ரீ வீர நரேந்திரசிங்கன் அந்த வருடம் இறந்தார். அவருக்குப் பட்டத்து ராணியிடம் பிள்ளை இல்லை. ஆனால் வேறொரு சிங்களப் பிரபு குலத்துப் பெண்ணிடம் உணம்புவே பண்டார என்று ஒரு மகன் இருந்தான். அப்பா யார் என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. அப்பா ராஜாவேதான். ஆனாலும் அவனுக்குச் சிம்மாசனம் கிடைக்கவில்லை. தாய் அரச குலம் இல்லையே! சூரிய வம்சத்து ரத்தம் இரண்டு பக்கமும் வேண்டும் என்பது கண்டியின் வழக்கம். அதற்காகத்தான் கண்டி அரசர்கள் கடல் தாண்டி மதுரையிலிருந்து நாயக்கர் குலப் பெண்களைக் கட்டினார்கள். கடைசியில் ராணியின் தம்பிக்குப் பட்டம் கட்டினார்கள். அவர்தான் ஸ்ரீ விஜய ராஜசிங்கன். அவருக்கும் பிள்ளை இல்லாமல் போக, அவருடைய ராணியின் தம்பி கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் 1747-இல் வந்தார். பிறகு 1782-இல் அவர் தம்பி ராஜாதி ராஜசிங்கன். பௌத்தர்களின் புனிதத் தந்தத்தைக் காத்த சிங்கள நாட்டு ராஜாக்கள், மதுரைப் பக்கத்து நாயக்கர் வீட்டுப் பிள்ளைகள். நம் பாடப்புத்தகங்களில் இதை இரண்டு வரிக்கு மேல் நான் பார்த்ததில்லை. பாண்டியர், சோழர் என்றால் பத்துப் பக்கம்.

1798-இல் ராஜாதி ராஜசிங்கனும் பிள்ளையில்லாமல் இறந்தார். இப்போதுதான் கட்டம் காலியாகிறது.

முதல் அதிகாரம் என்ற பதவியில் இருந்தவர் பிலிமத்தலாவை. நம் ஊர்க் கணக்கில் பிரதம மந்திரி. முத்துசாமி என்று இறந்த ராஜாவின் மைத்துனர் ஒருவர் இருந்தார். ராணியின் தம்பிக்குப் பட்டம் என்ற வழக்கப்படி பார்த்தால் அவருக்குத்தான் பலமான உரிமை. பிலிமத்தலாவை அவரை விட்டுவிட்டுக் கண்ணுசாமி என்ற பதினெட்டு வயதுப் பையனைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். அவன்தான் பிற்பாடு ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். வம்சாவளியில் வெங்கடப் பெருமாள் தகப்பன், சுப்பம்மா தாய் என்று இருக்கிறது. சுப்பம்மா ராணியின் சகோதரி என்கிறார்கள். ஆனால் அதோடு சேர்ந்து ஒரு வதந்தியும் ஓடியது: பையன் பிலிமத்தலாவையின் சொந்த மகன், ரகசியமாகப் பிறந்தவன், அதனால்தான் அவ்வளவு பேர் இருக்க இவனைத் தேடிப் பிடித்தார் என்று.

இந்த வேடிக்கையைப் பாருங்கள். 1739-இல் அப்பன் நன்றாகத் தெரிந்த பிள்ளையைத் தாயைக் காட்டி விலக்கினார்கள். 1798-இல் அப்பன் யாரென்று ஊர் முணுமுணுத்த பையனைத் தாய்வழியைக் காட்டி ஏற்றுக்கொண்டார்கள். விதி ஒன்றுதான். அதைக் கையில் வைத்திருந்தவர்கள் வேறு.

அந்த வதந்தியை நான் நம்பவில்லை. காரணம் எளிது. மறுவருடமே, 1799-இல், பிலிமத்தலாவை ஆங்கிலேய கவர்னர் பிரெடரிக் நார்த்தைச் சந்தித்து, இந்த ராஜாவை ஒழித்துவிட்டுத் தன்னைக் கண்டிக்கு அதிபதியாக்க உதவி கேட்டார். ரகசியமாகப் பெற்ற மகனை அரியணையில் ஏற்றியவர் ஒரு வருடத்துக்குள் அவனைக் கொல்லப் பேரம் பேசுவாரா? ஆட்டுவிக்க வசதியான பொம்மை வேண்டும் என்று தேடியிருக்கிறார், நெருங்கிய உரிமை இல்லாத பையன் வசதியாகக் கிடைத்திருக்கிறான். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. பொம்மை பேச ஆரம்பித்த பிறகு நடந்தது வேறு. 1811-இல் அந்த ராஜாவே பிலிமத்தலாவைக்கு மரண தண்டனை கொடுத்தார். பெற்ற தகப்பன் என்று ராஜாவுக்கு ஒரு சந்தேகமாவது இருந்திருந்தால் கை நடுங்கியிருக்காதா என்று நான் கேட்டால், ராஜாக்களைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்கிறார் வீட்டுக்காரர். அதுவும் சரிதான்.

ஆனால் வதந்தி பொய்யா மெய்யா என்பதைவிட, அது யாருக்குப் பயன்பட்டது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1803-இல் ஆங்கிலேயப் படை கண்டிக்குள் நுழைந்து முத்துசாமிக்குப் பட்டம் கட்டியது. இவர்தான் உண்மையான வாரிசு என்றார்கள். நான்கே மாதம். ஜூன் மாதத்தில் மேஜர் டேவியின் படை சரணடைந்தது. முத்துசாமியை எதிரி கையில் ஒப்படைத்துவிட்டார்கள். அவரைக் கொன்றுபோட்டார்கள். அதற்கப்புறம் உண்மையான வாரிசு என்ற பேச்சையே ஆங்கிலேயர்கள் எடுக்கவில்லை.

1815 பிப்ரவரி 18-இல் ராஜா பிடிபட்டார். மார்ச் 2-ஆம் தேதி கவர்னர் பிரவுன்ரிக்கும் கண்டிப் பிரதானிகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை நான் இரண்டு மூன்று முறை படித்திருக்கிறேன். இரண்டாவது பிரிவில் ராஜாவும், 'மலபார்' இனத்தாரும் கண்டி ஆட்சிக்குக் கொண்டாடும் உரிமை அடியோடு ரத்து. மலபார் என்றால் கேரளம் இல்லை. அன்றைக்கு வெள்ளைக்காரர்கள் தமிழர்களையும் நாயக்கர்களையும் சேர்த்து அப்படித்தான் எழுதினார்கள். மூன்றாவது பிரிவுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. ராஜாவுக்கு ரத்த வழியிலோ மண வழியிலோ, மேலேயோ கீழேயோ பக்கவாட்டிலோ, உறவாக இருக்கிற ஆண்கள் எல்லோரும் நாட்டின் எதிரிகள். எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் அந்தப் பகுதிக்குள் காலெடுத்து வைத்தால் இராணுவச் சட்டப்படி தண்டனை. உறவாக இருக்கிறவர்கள் மட்டும் இல்லை, உறவு என்று சொல்லிக்கொள்கிறவர்களும்.

உண்மையோ பொய்யோ, நான் இன்னாருடைய மகன் என்று வாயால் சொன்னாலே எதிரி. நான் எழுதிய கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்றார்கள். இவர்கள் அதே கட்டத்தை நிரப்பினால் தண்டனை என்றார்கள்.

1816 ஜனவரி 24-ஆம் தேதி ராஜாவையும் ராணிகளையும் உறவினர்களையும் கார்ன்வாலிஸ் என்ற கப்பலில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பி, அங்கிருந்து வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். கூடப் போன கிரான்வில் என்ற அதிகாரி அந்தப் பயணத்தைப் பற்றி நாட்குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். ராஜா பதினாறு வருடம் வேலூரில் இருந்து 1832 ஜனவரி 30-இல் இறந்தார். அவரைக் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. விசாரணையே கிடையாது. அதனால் அவரைக் கைதி என்று எழுதலாமா கூடாதா என்று வரலாற்று ஆசிரியர்கள் சண்டை போடட்டும். கோட்டைச் சுவர் ஒரே உயரம்தான்.

இனிமேல்தான் நிஜக் கைதி வருகிறார். அதற்கு முன்னால் ஒரு சின்னச் சுற்றுவழி போக வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள். இரண்டு துரைசாமிகளைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

ஒரு துரைசாமி நம் சின்ன மருதுவின் மகன். 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, பதினைந்து வயதுப் பையனான துரைசாமியையும் எழுபதுக்கும் மேற்பட்ட பாளையக்காரக் கைதிகளையும் 1802 பிப்ரவரி 11-இல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். தூத்துக்குடியில் அவர்களுக்குக் காவல் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி சின்ன மருதுவின் வீட்டுக்குப் போய்வந்த பழைய சிநேகிதர். வளரி வீசவும் ஈட்டி எறியவும் அவரிடம் கற்றுக்கொண்டவர். அந்த வெல்ஷ் 1818-இல் பினாங்குக்குப் போகிறார். வயதான தோற்றத்தில் ஒரு மனிதர் வந்து முன்னால் நிற்கிறார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைக் கேட்கிறார். துரைசாமி என்கிறார் அந்த மனிதர். முப்பத்தைந்து வயதைக்கூடத் தாண்டாத ஆள். 1830-இல் அச்சான தன் புத்தகத்தில் வெல்ஷ் இதை மனம் நொந்துதான் எழுதியிருக்கிறார்.

அதே 1818-இல் கண்டிப் பக்கம் இன்னொரு துரைசாமி. அங்கே ஊவா பகுதியில் பெரிய கிளர்ச்சி. அதற்கு ராஜாவாக நின்றவர், தான் நாயக்கர் குலத்து துரைசாமி, பிடிபட்ட ராஜாவின் உறவினன் என்றார். ஜனங்கள் நம்பினார்கள். கெப்பெட்டிபொல போன்ற பெரிய பிரதானி ஆங்கிலேயர் பக்கத்திலிருந்து மாறிவந்து அவர் பக்கம் நின்றார். உண்மையில் அந்த ஆள் வில்பாவே என்ற முன்னாள் பிக்கு. கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான மடுகல்லயே கடைசியில் போலி என்று அவரைப் பிடித்து வைத்தார். கெப்பெட்டிபொலவின் தலையை நவம்பர் 26-இல் வெட்டினார்கள்.

பினாங்கில் ஒரு நிஜத் துரைசாமியை அவன் அப்பாவின் சிநேகிதனுக்கே அடையாளம் தெரியவில்லை. கண்டியில் ஒரு பொய்த் துரைசாமியை ஒரு நாடே அடையாளம் கண்டுகொண்டது. வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு வாய்ப்பே வரவில்லை. ஐந்தாம் வகுப்பில் இதற்கெல்லாம் இடம் இல்லை.

சரி, கைதிக்கு வருவோம்.

1847-இல் டொரிங்டன் பிரபு இலங்கைக்கு கவர்னராக வந்தார். அடுத்த வருடம் வரி மேல் வரி. துப்பாக்கிக்கு, நாய்க்கு, கடைக்கு. சாலை போட வருடத்துக்கு ஆறு நாள் இலவசமாக உழைக்க வேண்டும், இல்லையென்றால் மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும். 1848 ஜூலை 6-இல் கண்டிக் கச்சேரி முன்னால் ஜனங்கள் கூடினார்கள். முன்னால் நின்றவர்களில் ஒருவர் கொங்கலேகொட பண்டா. ஜூலை 26-ஆம் தேதி தம்புள்ளை விகாரையில் பிக்கு ஒருவர் அவருக்கு முடி சூட்டினார். ராஜா பட்டப் பெயரிலும் ராஜசிங்கன் என்று முடிகிற நீளமான பெயர். அண்ணன் தம்பிகளில் ஒருவருக்குத் துணை ராஜா பட்டம். மொறட்டுவைக்காரரான புரன் அப்பு படைத்தலைவர்.

இந்தப் பண்டா யார்? கண்டி ராஜ வம்சத்தில் வந்தவன், நாயக்க ராஜாக்களுக்கு உறவு என்று சொல்லிக்கொண்டார். ஆவணங்களில் இருக்கிற பெயர் வம்சபூர்ண தேவகே டேவிட். 1809-இல் பிறந்தவர். அப்பா பெயர் சிஞ்சியா பெர்னாண்டோ. கண்டிச் சாலையில் வண்டிப் போக்குவரத்து வேலை செய்துவந்து, உடுநுவரைப் பக்கம் கொங்கலேகொட என்ற ஊரில் தங்கி, ஊர்ப்பெயரையே தன் பெயராக்கிக்கொண்டவர். டேவிட், பெர்னாண்டோ என்ற பெயர்களைக் கேட்டதுமே கரையோர மனிதர் என்று அங்கே யாருக்கும் தெரிந்துவிடும். போர்ச்சுக்கீசியர் வந்து போன கரைகளில் எல்லாம் அந்தப் பெயர்கள்தான். நம் தூத்துக்குடியிலும் உண்டு. மலைநாட்டு ராஜ வம்சத்தில் பெர்னாண்டோ எங்கிருந்து வருவார்?

ஆனாலும் ஜனங்கள் வந்தார்கள். ஆயிரக்கணக்கில். அவர்களுக்கு அந்தப் பெர்னாண்டோ தெரியாமலா இருந்திருக்கும்? பண்டா அந்தச் சாலையில் எல்லோரும் பார்த்த ஆளாயிற்றே. வதந்தியில் மயங்கிய பாமர ஜனங்கள் என்று அன்றைய அதிகாரிகள் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. முப்பத்துமூன்று வருடமாகச் சிம்மாசனம் காலி. வரியை எதிர்த்து எழ வேண்டுமானால் முன்னால் ஒரு ராஜா நிற்க வேண்டும், ராஜா என்றால் ராஜ வம்சம் வேண்டும். வாத்தியார் கேட்டதும் அண்ணன் பெயரைச் சொன்ன அந்த அம்மாவைப் போலத்தான் அவர்களும் கைக்கு எட்டிய பெயரைக் கொடுத்திருக்கிறார்கள்.

மாத்தளையில் படை சிதறியது. ஜூலை 29-இல் இராணுவச் சட்டம். ஆகஸ்ட் 8-ஆம் தேதி புரன் அப்புவைச் சுட்டுக் கொன்றார்கள். குடாபொல என்ற பிக்குவைக் காவி உடையோடேயே சுட்டார்கள். அந்த அநியாயம் லண்டன் பார்லிமெண்ட் வரை போய், விசாரணை நடந்து, டொரிங்டன் 1850-இல் பதவியை விட்டுப் போக நேர்ந்தது. பண்டா மட்டும் இரண்டு மாதம் கிட்டத்தட்டப் பிடிபடவில்லை. செப்டம்பர் 21-இல் எல்கடுவையில் மலாய்ச் சிப்பாய்கள் அவரைப் பிடித்தார்கள். நவம்பர் 27-இல் கண்டியில் உச்ச நீதிமன்றம் கூடியது. ராஜா என்று சொல்லிக்கொண்டதும் ராணிக்கு எதிராகப் போர் தொடுத்ததும் ராஜத் துரோகம். பண்டா குற்றங்களை ஒப்புக்கொண்டார். புத்தாண்டு அன்று, 1849 ஜனவரி 1-ஆம் தேதி தூக்கு என்று தீர்ப்பு. டிசம்பர் 27-இல் அதை மாற்றி நூறு கசையடி, மலாக்காவுக்கு நாடு கடத்தல் என்றார்கள்.

எங்கள் பாட்டி கோபம் வந்தால் "தீவாந்திரம் போவே" என்று திட்டுவார். அந்தத் தீவாந்திரங்களில் மலாக்காவும் ஒன்று. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் அப்போது இந்தியக் கைதிகள் ரோடு போட்டும் கட்டடம் கட்டியும் செத்த இடங்கள். கம்பெனி ஆட்சியில் ஆயுள் கைதியின் நெற்றியில் பெயரையும் குற்றத்தையும் பச்சை குத்துகிற வழக்கம் இருந்தது. அதை இந்தியாவில் சட்டம் போட்டு நிறுத்தியதும் அதே 1849-இல்தான். இலங்கை கம்பெனி ஆட்சியில் இல்லாததால் பண்டாவுக்கு அது இருந்திருக்காது. அதே வருடம் டிசம்பர் 1-ஆம் தேதி மலாக்காவில் அவர் இறந்தார். வயது நாற்பது. இன்றைக்கு இலங்கையில் அவர் தேசிய வீரர்.

அவர் யாருடைய மகன்? சிஞ்சியா பெர்னாண்டோவின் மகன் என்று அரசாங்க எழுத்து சொல்கிறது. அவரை ராஜ வம்சம் இல்லை என்று காட்ட வேண்டிய தேவை அந்த எழுத்துக்கு இருந்தது. ராஜ வம்சம் என்று அவர் வாய் சொன்னது. அப்படிச் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. கேட்டால் நானும் பெர்னாண்டோ பக்கம்தான் சாய்வேன், பெயரும் தொழிலும் ஊரும் அதோடு பொருந்துகின்றன. ஆனால் அரசாங்கப் பதிவேட்டில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சாயமாட்டேன். பதிவேடு எப்படி எழுதப்படுகிறது என்று எனக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருடம் நான்தான் எழுதினேன்.

1815-இல் கண்ணுசாமியின் உறவினர்கள் யார் யார் என்று தேடித் தேடிக் கண்டுபிடித்துக் கப்பலேற்றிய அதே கைகள், பன்னிரண்டு வருடம் முன்பு கண்ணுசாமிக்கே அந்த வம்சத்தில் உரிமை உண்டா என்று கேட்டவை. விலக்க வேண்டுமானால் ரத்தம் சந்தேகம், பிடிக்க வேண்டுமானால் ரத்தம் நிச்சயம். இதில் வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கண்டிப் பிரதானிகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்தான்.

இங்கே பக்கத்தில் காலாப்பட்டில் மத்தியச் சிறை இருக்கிறது. சாயங்காலம் நடக்கப் போகும்போது மனுப் பார்க்க வந்த பெண்கள் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்ப்பேன். கைக்குழந்தைகளும் உண்டு. அந்தக் குழந்தைகளும் ஒருநாள் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் சேர வரும். இப்போது கொஞ்சம் பரவாயில்லை. 2016 டிசம்பரிலிருந்து பாஸ்போர்ட்டுக்குத் தாய், தந்தை இருவரில் ஒருவர் பெயர் போதும் என்று விதி மாறியிருக்கிறது. 1984-இல் எனக்கு அப்படி யாராவது சொல்லியிருந்தால் அந்த அம்மாவின் பெயரையே எழுதியிருப்பேன். அவருக்கு நல்ல பெயர்.

மறுவாரம் என் மாணவரைக் கூப்பிட்டேன். வக்கீல் கேட்டபடி ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். இன்ன வருடம், இன்ன வகுப்பில் சேர்க்கும்போது, தந்தை பெயருக்காகத் தாய் தன் சகோதரரின் பெயரைச் சொன்னார், அதை நான் தந்தை பெயர் என்ற கட்டத்தில் எழுதினேன், அது என் தவறு. கையெழுத்து, தேதி. இதை எந்த அலுவலகம் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று தெரியாது என்றார் வக்கீல். குறைந்தபட்சம் அந்த வம்ச மரத்தில் அண்ணன் தங்கை என்ற அசிங்கமாவது போகட்டும் என்றேன்.

அவர் தாளைப் படித்துவிட்டு மடித்து உறையில் வைத்தார். எழுந்து போவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"அம்மா வேற ஏதாவது சொன்னாங்களா டீச்சர்?"

சொன்னார். நாற்பது வருடமாக நான் யாரிடமும் சொல்லாதது. பெயர் எழுதி முடித்த பிறகு, பையனை என்னிடம் விட்டுவிட்டு வாசலில் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டே, "பேரு தெரியாம இல்ல டீச்சரம்மா. நான் சொல்ல மாட்டேன், அவ்ளோதான்" என்றார். அதை அப்படியே சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "அழுதாங்களா?" என்று கேட்டார்.

இல்லை, அழவில்லை என்றேன். அதை அந்தத் தாளில் சேர்த்து எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு உறையை எடுத்துக்கொண்டு போனார்.